பெரிதாக்கும் முன் குறையுங்கள்: மறதியும் கண்–காது மங்கலும் உள்ள முதியவருக்குப் போனை ஏற்றதாக்குவது எப்படி?

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்துவிட்டது, மற்ற கண்ணில் இன்னும் செய்யவில்லை. காதும் கொஞ்சம் மந்தம். ஓராண்டாக மறதி கூடியிருக்கிறது. லேசான அறிவாற்றல் குறைபாடு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஸ்மார்ட்போன் கொடுத்து, எழுத்தையெல்லாம் பெரிதாக்கி, பலமுறை சொல்லிக் கொடுத்தும் வீடியோ காலை எடுக்கக்கூட வரவில்லை. என்ன செய்யலாம்? நான் ஆப் உருவாக்கும் குழுவில் வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கம் எதை மாற்றினால் இப்படிப்பட்டவர்களுக்கு உதவும் என்பதையும் சொல்லுங்கள்.

பதில்:

எழுத்தையெல்லாம் பெரிதாக்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லா வீடுகளிலும் முதலில் செய்வது இதைத்தான். ஆனால் எழுத்தை இரு மடங்காக்கினால் திரையில் முன்பு தெரிந்ததில் கால் பங்குதான் தெரியும். மீதியைப் பார்க்க விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். தள்ளும்போது மேலே என்ன இருந்தது என்பதை மனத்தில் பிடித்து வைத்திருக்கவும் வேண்டும். மறதி இல்லாதவருக்கு இது ஒரு வேலையே இல்லை. உங்கள் அம்மாவுக்கோ, கண்ணுக்குச் செய்த உதவி நினைவின் மேல் சுமையாகப் போய் உட்கார்ந்துவிட்டது.

வயதானவர்களோடு உட்கார்ந்து போன், டேப்லெட் பழக்கும் வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். பார்வை, செவி, விரல், நினைவு நான்கும் ஒரே ஆளிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய குறையாகத் தெரியாது, மருத்துவர்கூட "வயசுக்கு இது சகஜம்" என்பார். நான்கும் சேரும்போது கருவி கைக்கு அடங்காமல் போகிறது. அதோடு, ஒன்றுக்குச் செய்யும் உதவி இன்னொன்றைக் கெடுக்கிறது. அதனால் வரிசை முக்கியம். முதலில் திரையில் இருப்பதைக் குறையுங்கள். அப்புறம் மிஞ்சியதைப் பெரிதாக்குங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: கண்ணையும் காதையும் புதிதாகப் பரிசோதிப்பது. மறதி என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி காது கேட்காததாக இருக்கலாம். சொன்னது சரியாகக் காதில் விழாதவர் அதை எப்படி நினைவில் வைப்பார்? 60 வயதைத் தாண்டியவர்களில் 25 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவு காது மந்தம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் பற்றி லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, நம்மால் மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைக் குறிப்பிடுகிறது. காது கேளாமையும், சிகிச்சை செய்யாமல் விட்ட பார்வைக் குறைவும் அதில் இருக்கின்றன. ஆகவே மற்ற கண்ணின் புரையை எப்போது எடுப்பது என்று கண் மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். ஒரு கண்ணுக்கு வெள்ளை வெள்ளையாகவும், மற்றதற்கு அதே வெள்ளை மஞ்சளாகவும் மங்கலாகவும் தெரிவதோடுதான் அவர் இப்போது திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இது முடிந்ததும் ஒரு நாள் எதையும் சொல்லிக் கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். வாயைத் திறக்காமல் இருப்பது கஷ்டம்தான், ஆனால் அந்த அரை மணி நேரம் நிறைய சொல்லும். போனைத் தள்ளிப் பிடிக்கிறாரா, வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாரா? அப்படியானால் கண். சரியான பட்டனைப் பார்த்து, சரியாகவே தொட்டும் ஒன்றும் நடக்காமல் மறுபடி மறுபடி அழுத்துகிறாரா? அது விரல். மணி அடித்தும் தலை திரும்பவில்லையா? காது. சரியான திரை வரைக்கும் வந்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்கிறாரா? அது மட்டும்தான் நினைவு. பிள்ளைகள் பெரும்பாலும் நான்கையும் ஒன்றாகச் சேர்த்து "அம்மாவுக்குப் புரியவில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள்.

வீடியோ கால் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பல போன்களில் திரை பூட்டியிருக்கும்போது கால் வந்தால் விரலால் இழுத்து எடுக்க வேண்டும். போன் திறந்திருக்கும்போது வந்தால் மேலே ஒரு சின்னப் பட்டை தோன்றும். அதில் உள்ள பட்டனைத் தொட வேண்டும். ஒரே காரியத்துக்கு இரண்டு முறை, அதுவும் எந்த முறை எப்போது வரும் என்பது அவர் கையில் இல்லை. நேற்று இழுத்து எடுத்தவர் இன்று பட்டையை இழுக்கிறார், பட்டை காணாமல் போகிறது, கால் எடுக்கப்படாமலே போகிறது. நேற்று கற்றுக்கொண்டதை அவர் மறக்கவில்லை, சரியாகத்தான் செய்தார். உங்கள் அம்மாவிடம் இதைக் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். அவர் போனைப் பயன்படுத்தாத நேரத்தில் மட்டும் கூப்பிடுவது என்று வைத்துக்கொண்டால், பெரும்பாலும் ஒரே முறைதான் அவர் எதிரில் வரும்.

இனி ஒவ்வொன்றாக. கண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். வயதாக ஆகக் கண்மணி சுருங்குகிறது, லென்ஸ் பழுப்பேறுகிறது. 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு 20 வயதில் கிடைத்த வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். ஆகையால் எழுத்தின் அளவைவிட, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடுதான் முதலில் சரிசெய்ய வேண்டியது. வெளிச்சம் தானாகக் கூடிக் குறையும் அமைப்பை நிறுத்திவிட்டு, கண் கூசாத அளவுக்குக் கூட்டி வையுங்கள். அடுத்து எழுத்தைத் தடிமனாக்குங்கள். ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் இதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. தமிழில் படிப்பவருக்குத் தடிமன் இன்னும் தேவை. மெய்யெழுத்தின் புள்ளியும், ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைச் சுழிக் கொம்புக்கும் உள்ள வித்தியாசமும் மெல்லிய சாம்பல் எழுத்தில் கண்ணுக்குத் தட்டுப்படாது. இவற்றையெல்லாம் செய்த பிறகு அளவைக் கூட்டினால், நினைத்ததைவிடக் குறைவாகக் கூட்டினாலே போதும் என்று தெரியவரும்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து நல்லதா என்று கேட்பார்கள். புரை உள்ள பலருக்கு அது கூச்சத்தைக் குறைக்கிறது. வேறு சிலருக்கு வெள்ளை எழுத்து கசிந்து பரவியதுபோல் தெரிகிறது. இரண்டையும் போட்டுக் காட்டி அம்மாவையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கண் நோய் என்பதும் முக்கியம். விழித்திரையின் மையப்பகுதி கெடும் மாக்குலா சிதைவில் பெரிய எழுத்து உதவும். கண் அழுத்த நோய் முற்றி, குழாய் வழியாகப் பார்ப்பதுபோலப் பார்வை குறுகியவருக்கு அதே பெரிய எழுத்து தொந்தரவு, ஏனென்றால் மிஞ்சியுள்ள பார்வைக்குள் ஒரு சொல்கூட முழுதாக அடங்காது.

காதில் முதலில் போவது உயர்ந்த சுருதி. உயிரெழுத்துகளின் ஒலி தாழ்ந்தது, அது கேட்கும்; ச, ஃப போன்ற உரசொலிகளும் வல்லின மெய்களின் வெடிப்பும்தான் தேய்ந்துபோகும். "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னு தெரியல" என்று அவர்கள் சொல்வது துல்லியமான விவரிப்பு. கத்திப் பேசினால் உயிரெழுத்து இன்னும் பெரிதாகுமே தவிர மெய் தெளியாது. அதோடு, மெல்லிய ஒலி கேட்காத அதே காதுக்கு உரத்த ஒலி வலியாகவும் இருக்கலாம். பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். மெய்யொலிகளை அடையாளம் காட்டும் பகுதியில் கணிசமான பங்கு அதற்கு மேலே இருக்கிறது. எச்டி வாய்ஸ் அழைப்பும் இணைய வழி அழைப்பும் அதைவிட அகலமான ஒலியைக் கொண்டுவரும். வீடியோவில் உதட்டசைவும் தெரியும். அதனால் சாதாரண காலில் தடுமாறுபவர் வீடியோ காலில் நன்றாகப் பேசுவதைப் பார்க்கலாம். நீங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து, நிதானமாகப் பேசினால் பாதிப் பிரச்சினை தீரும்.

ரிங்டோனைத் தாழ்ந்த சுருதியில் வையுங்கள். புகை எச்சரிக்கை மணிகளில் இதைச் சோதித்திருக்கிறார்கள்: வழக்கமான சுமார் 3000 ஹெர்ட்ஸ் கீச்சொலியைவிட 520 ஹெர்ட்ஸ் ஒலிதான் காது மந்தமானவர்களைத் தூக்கத்திலிருந்து நன்றாக எழுப்புகிறது. போனுக்கும் அதே நியாயம் பொருந்தும். அதிர்வையும், கால் வரும்போது கேமரா விளக்கு மின்னும் வசதியையும் சேர்த்துப் போடுங்கள். காது கருவி வாங்கப் போகிறீர்கள் என்றால், போனோடு புளூடூத்தில் நேரடியாக இணையுமா என்று கேட்டு வாங்குங்கள்.

விரலைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. தொடுதிரை, விரல் தோலின் மின்கடத்தும் தன்மையை நம்பி வேலை செய்கிறது. வயதான தோல் உலர்ந்திருக்கும், அதனால் தொட்டதே பதிவாகாமல் போகலாம். பதிவாகவில்லை என்றதும் அழுத்திப் பிடிப்பார்கள். அரை நொடி அழுத்திப் பிடித்தாலே போன் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொண்டு, கேட்காத பட்டியல் ஒன்றைத் திறந்து வைக்கும். சில சமயம் ஐகானையே பிடுங்கி வேறு இடத்தில் போட்டுவிடும். ஆண்ட்ராய்டில் ஆக்ஸசிபிலிட்டி பகுதிக்குள் போய், அழுத்திப் பிடிக்கும் நேரத்தை நீளமானதாக மாற்றுங்கள். ஐபோனில் டச் அகாமடேஷன்ஸ் என்ற பகுதியில், எவ்வளவு நேரம் தொட்டால் ஏற்பது, அடுத்தடுத்து விழும் தொடுதலை விடுவதா என்றெல்லாம் அமைக்கலாம். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு, அடுத்தடுத்த தொடுதலைக் கணக்கில் எடுக்காமல் விடும் அமைப்பு பெரிய உதவி. கையில் கொஞ்சம் ஈரப்பசை தரும் க்ரீம் தடவிக்கொள்வதும் பலன் தரும்.

ஆண்ட்ராய்டில் இன்னொரு மாற்றம் கட்டாயம் செய்யுங்கள். ஓரத்திலிருந்து விரலை இழுத்துப் பின்னால் போகும் முறையை நிறுத்தி, கீழே மூன்று பட்டன் தெரியும் பழைய முறையைக் கொண்டுவாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சைகையை நினைவிலிருந்துதான் எடுக்க வேண்டும்; பட்டன் கண் முன்னால் இருக்கிறது, நினைவில் வைக்கத் தேவையில்லை. பூட்டைத் திறக்க விரல்ரேகையையும் அதிகம் நம்ப வேண்டாம். ரேகை தேய்ந்து, தோல் உலர்ந்தவர்களிடம் சென்சார் அடிக்கடி ஏமாற்றும். முகத்தால் திறப்பது மேல்.

நினைவுக்கு வருகிறேன், இதில்தான் நிதானம் தேவை. சாதாரண முதுமையில் சொல்வளம், அனுபவ அறிவு, மனிதர்களை எடைபோடும் திறன் ஆகியவை நன்றாகவே நிற்கும். மெதுவாவது வேகம்; சுருங்குவது இரண்டு விஷயங்களை ஒரே நேரத்தில் கையாளும் திறன். உங்கள் அம்மாவைப் போன்ற நிலையில் அதற்கு மேல் புதிய தகவலைப் பதிய வைப்பதும் கஷ்டமாகிறது. ஆனால் கைப்பழக்கமாக உள்ளே போவது, அதாவது யோசிக்காமல் கை தானாகச் செய்யும் காரியம், வேறு பாதையில் பதிகிறது. அல்சைமர் நோயின் ஆரம்பக் கட்டத்திலும் அந்தப் பாதை ஓரளவு வேலை செய்கிறது. நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய பாதை அது.

கைப்பழக்கம் உருவாக வேண்டுமென்றால் ஒரு பொருள் எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். முகப்புத் திரையை ஒரே பக்கமாக்குங்கள். நான்கு பெரிய படங்கள்: மகன் அல்லது மகள் முகம், இன்னொரு நெருங்கியவர் முகம், கேமரா, பாட்டு. முகத்தைத் தொட்டால் நேரே கால் போக வேண்டும், நடுவில் வேறு திரை வரக்கூடாது. படத்தின் கீழே பெயரும் இருக்கட்டும். மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். கால் வருவதைக் காட்டுவதைத் தவிர மற்ற நோட்டிஃபிகேஷன்களை ஒட்டுமொத்தமாக நிறுத்துங்கள். நடுவில் குதிக்கும் ஒரு பட்டை, அவர் செய்துகொண்டிருந்ததை மனத்திலிருந்து அழித்துவிடும். திரை சுழலாமல் பூட்டுங்கள். ஆப்கள் தானாக அப்டேட் ஆவதை நிறுத்திவிட்டு, பாதுகாப்பு அப்டேட்டை நீங்கள் போகும்போது போட்டு, எதுவும் இடம் மாறவில்லையா என்று பார்த்துவிட்டு வாருங்கள். அப்டேட்டில் ஒரு பட்டன் இடம் மாறுவது, வீட்டு விளக்கின் சுவிட்சை இரவோடு இரவாக வேறு சுவருக்கு மாற்றிவிட்டதைப் போன்றது.

ஐபோன் என்றால் 2023-இல் ஐஓஎஸ் 17-உடன் வந்த அசிஸ்டிவ் ஆக்ஸஸ் என்ற வசதி இதையெல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில் செய்துவிடும். பெரிய கட்டங்கள், நீங்கள் தேர்ந்தெடுத்த ஆப்கள் மட்டும், வெளியே வர ஒரு கடவு எண். சாம்சங் போன்களில் ஈஸி மோட் இருக்கிறது, அது எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கும், ஆனால் குறைக்கும் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

போனுக்கு வீட்டில் ஒரு நிலையான இடம் கொடுங்கள், அங்கேயே கம்பியில்லாமல் சார்ஜ் ஆகும் ஸ்டாண்டு இருந்தால் மிக நல்லது. அந்தச் சின்னத் துளையில் கம்பியைச் செருகுவது கண், விரல், நினைவு மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்கும் வேலை. சார்ஜ் போட மறந்து அணைந்த போன்தான், "அம்மா போனே எடுப்பதில்லை" என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இருக்கிறது. ஸ்டாண்டின் பக்கத்தில் ஓர் அட்டை வையுங்கள். "1. படத்தைத் தொடவும். 2. மணி அடிக்கும், காத்திருக்கவும்." அவ்வளவு போதும். கையால் பெரிதாக எழுதுங்கள்.

சொல்லிக் கொடுக்கும் விதத்தையும் மாற்ற வேண்டும். "நீங்களே கண்டுபிடிங்க பார்ப்போம்" என்று விட்டுப் பார்ப்பது இளைஞர்களுக்குச் சரி. நினைவு குறைந்தவரிடம் அது எதிராக வேலை செய்யும். தப்பான பட்டனை ஒருமுறை தொட்டால் அந்தத் தப்பே கையில் பதியும். அது தப்பு என்ற செய்திதான் மறந்துபோகும். பேட்லி, வில்சன் என்ற உளவியலாளர்கள் 1994-இல், நினைவிழப்பு உள்ளவர்கள் தவறு செய்ய இடமே கொடுக்காமல் கற்பிக்கும்போது மேலாகக் கற்கிறார்கள் என்று காட்டினார்கள். ஆகவே தவறுவதற்கு முன்பே கையை மெதுவாக வழிநடத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரே காரியம். "அம்மா, என்னைக் கூப்பிட எதைத் தொடணும்?" என்று கேளுங்கள். சரியாகச் செய்ததும் ஒரு நிமிடம் வேறு பேச்சு, மறுபடி அதே கேள்வி. அப்புறம் இரண்டு நிமிடம், நான்கு நிமிடம், எட்டு நிமிடம் என்று இடைவெளியை நீட்டுங்கள். தடுமாறினால் உடனே விடையைச் செய்து காட்டிவிட்டு, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்குத் திரும்புங்கள். டிமென்ஷியா உள்ளவர்களுக்கு இந்த முறையைக் கேமரன் கேம்ப் என்ற உளவியலாளர் வளர்த்தெடுத்தார். சிகிச்சையாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். காலை வேளையில், களைப்பில்லாத நேரத்தில் செய்யுங்கள். "போன வாரம்தானே சொன்னேன்" என்ற வாக்கியம் மட்டும் வேண்டாம். அதைக் கேட்டவர் அடுத்த முறை போனைத் தொடவே தயங்குவார்.

குரல் உதவியாளர் நல்லதா? கண் மட்டும் குறைந்தவருக்கு அருமை. மறதி உள்ளவருக்கு அதை எழுப்பும் சொல் நினைவில் நிற்காது. யோசித்து நிறுத்திப் பேசும்போது வாக்கியம் முடிந்துவிட்டதென்று அது பாதியில் வெட்டிவிடும். முயன்று பார்க்கலாம், ஆனால் அதையே நம்பி இருக்காதீர்கள்.

பண விஷயத்தை ஒத்திப்போடாமல் இப்போதே பேசுங்கள். கணக்கு வழக்கில் தடுமாற்றம் பல பேருக்கு டிமென்ஷியாவின் முதல் அறிகுறிகளில் ஒன்று, மோசடிக்காரர்கள் குறிவைப்பதும் இந்தக் கட்டத்தில் உள்ளவர்களைத்தான். தெரியாத எண்களை மணி அடிக்காமல் ஒதுக்கும் வசதியைப் போடலாம், பரிவர்த்தனைக்கு வரம்பு வைக்கலாம், திரையைப் பகிரும் ஆப் எதுவும் போனில் இல்லாமல் பார்க்கலாம். ஆனால் அவருக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள். இருப்பிடம் காட்டும் ஆப், தானாகக் கால் எடுக்கும் அமைப்பு, வீட்டுக் கேமரா எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அவரால் யோசித்துச் சம்மதம் சொல்ல முடிகிற காலம் இது. இன்று கேட்டு, எது சரி எது வேண்டாம் என்பதை எழுதி வைத்தால், பின்னால் முடிவெடுக்க வேண்டியபோது அவருடைய விருப்பம் உங்கள் கையில் இருக்கும்.

சரி, உங்கள் குழுவுக்கு வருவோம். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் டபிள்யூசிஏஜி என்ற, குறைபாடு உள்ளவர்களும் பயன்படுத்தும்படி வடிவமைப்பதற்கான நெறிமுறையை உங்கள் வடிவமைப்பாளர்கள் அறிந்திருப்பார்கள்; 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பில் முதியவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் விதிகள் பல சேர்ந்திருக்கின்றன. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது ஏஏ என்ற நடு நிலை. முதியவர்கள் அதிகம் பயன்படுத்தும் ஆப் என்றால் 7-க்கு 1 என்ற ஏஏஏ என்னும் உச்ச நிலையைப் பிடியுங்கள். தொடும் இடம் 24 பிக்சல் போதும் என்று புதிய விதி சொல்கிறது, ஆனால் அது தரை மட்டம். ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்லும் 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு), அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர், நடுங்கும் விரலுக்கு அருகில் வருகிறது. பட்டன்களுக்கு நடுவே இடைவெளியும் விடுங்கள். எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கி உங்கள் ஆப்பைத் திறந்து பாருங்கள், அதுவும் தமிழில் வைத்து. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, "சமர்ப்பிக்கவும்" பாதியில் வெட்டுப்பட்டு நிற்பதை முதல் திரையிலேயே காண்பீர்கள்.

எண்களில் அடங்காத ஓர் இடம் ஓடிபி. அதை ஒரு முதியவர் செய்யும் வேகத்தில் நினைத்துப் பாருங்கள். திரையில் ஆறு கட்டங்கள், மேலே நொடிகள் குறைந்துகொண்டே வருகின்றன. மேலே பட்டையாக மெசேஜ் தோன்றுகிறது; கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் மறைந்துவிடுகிறது. ஆப்பை விட்டு மெசேஜுக்குள் போகிறார். அங்கே விளம்பர மெசேஜ்களுக்கு நடுவே இன்றைய எண் எது, நேற்றைய எண் எது என்று தேட வேண்டும். கண்டுபிடித்து நான்கு ஆறு இரண்டு என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினால், ஆப் முதல் திரைக்குப் போயிருக்கிறது. மறுபடி பெயர், மறுபடி கடவுச்சொல். எண் இப்போது மனத்தில் இல்லை. இரண்டு தடவை தவறினால் கணக்குப் பூட்டப்படுகிறது. பாதுகாப்புக்காகச் செய்ததுதான். ஆனால் இது சோதிப்பது அவர் யார் என்பதை அல்ல, ஆறு இலக்கத்தைத் தலையில் வைத்துக்கொண்டு திரை மாற முடிகிறதா என்பதை. 2.2 பதிப்பின் விதி ஒன்று இதையே குறிவைக்கிறது: உள்நுழைய நினைவுச் சோதனையைக் கட்டாயமாக்கக் கூடாது, வேறு வழியோ உதவியோ இருக்க வேண்டும். எண் தானாக நிரம்பட்டும், ஒட்டும் வசதியைத் தடுக்காதீர்கள், முகத்தாலோ, கடவுச்சொல்லே கேட்காத பாஸ்கீ முறையாலோ நுழைய வழி கொடுங்கள், வெளியே போய் வந்தால் விட்ட இடத்திலேயே நிற்கட்டும். கெடு வைத்தே ஆக வேண்டும் என்றால் முடியும் முன் எச்சரித்து, குறைந்தது 20 நொடி அவகாசத்தில் ஒரே தொடுதலில் நீட்டிக்க விடுங்கள். அதுவும் நெறிமுறையில் உள்ள விதிதான்.

நினைவைச் சார்ந்த சின்னச் சின்ன இடங்கள் இன்னும் இருக்கின்றன. கட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் "பிறந்த தேதி" என்று எழுதி, தட்டச்சு செய்ய ஆரம்பித்ததும் மறைவது அதில் ஒன்று. பாதியில் நிமிர்ந்தவருக்கு அந்தக் கட்டம் என்ன கேட்டது என்று தெரிய வழியில்லை. தலைப்பைக் கட்டத்துக்கு மேலே நிரந்தரமாக வையுங்கள். திரையில் தோன்றித் தானாக மறையும் ஆண்ட்ராய்டின் டோஸ்ட் செய்தி நீளமானதாக வைத்தாலே மூன்றரை நொடிதான் நிற்கும், முக்கியமான எதையும் அதில் சொல்லாதீர்கள். மூன்று கோடு, மூன்று புள்ளி ஐகான்களின் பக்கத்தில் சொல்லையும் எழுதுங்கள். முன் திரையில் கொடுத்த தகவலை மறுபடி கேட்காதீர்கள். உதவிக்கான வழி எல்லாத் திரையிலும் ஒரே மூலையில் இருக்கட்டும். எதைச் செய்தாலும் திரும்பப் பெற முடியும் என்று இருந்தால் பயம் போய்விடும், பயம் போனால் கை நகரும்.

சோதனைக்கு முதியவர்களைக் கூப்பிடுங்கள், கூப்பிட்டபின் அவர்கள் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். கண் முன்னால் திணறிவிட்டு "நல்லாத்தான் இருக்குப்பா, எனக்குத்தான் தெரியல" என்பார்கள். மரியாதைக்காகவும் சொல்வார்கள், உண்மையிலேயே தப்பு தன்னுடையது என்று நம்பியும் சொல்வார்கள். கை எங்கே தயங்கியது, எந்தத் திரையிலிருந்து பின்னால் போனார்கள், எப்போது உங்கள் முகத்தைப் பார்த்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவாரம் கழித்து அதே ஆளிடம் அதே வேலையைக் கொடுத்துப் பாருங்கள். முதல் நாள் முடிந்தது ஒருவாரம் கழித்தும் முடிகிறதா என்பதுதான் நினைவு குறைந்தவருக்கான உண்மையான சோதனை. பெரும்பாலான குழுக்கள் இதைச் செய்வதே இல்லை. காது கருவி போட்டவர், கை நடுங்குபவர், நினைவு தடுமாறுபவர் என்று கலந்து அழையுங்கள். நல்ல உடல்நலமும் கல்லூரிப் படிப்பும் உள்ள 65 வயதுக்காரர்களை மட்டும் அழைத்துச் சோதித்துவிட்டு முதியோருக்கு ஏற்றது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கடைசியாக அம்மாவைப் பற்றி ஒன்று. லேசான குறைபாடு எல்லோருக்கும் முற்றுவதில்லை. சிலருக்கு அப்படியே நிற்கும், சிலருக்குச் சற்றுத் திரும்பவும் செய்யும். ஒருவேளை கூடினால் வசதிகளை ஒரேயடியாகப் பிடுங்காமல் ஒவ்வொன்றாக எடுங்கள். பணம் தொடர்பானவை முதலில். அடுத்து தட்டச்சு செய்யும் மெசேஜ். அதன் இடத்தில் குரல் செய்தி வரலாம். பாட்டையும் புகைப்படங்களையும் முகத்தைத் தொட்டுக் கூப்பிடுவதையும் முடிந்தவரை நீட்டித்து வையுங்கள். அவராகக் கூப்பிட முடியாத நிலை வந்தால், முன்பே சம்மதம் சொல்லியிருக்கும் பட்சத்தில், உங்கள் எண்ணிலிருந்து வரும் காலுக்கு மட்டும் தானாக எடுக்கும் அமைப்புள்ள வீடியோ கருவியை வைக்கலாம். இப்போதைய போன் பழுதானால் அதே மாடலையே தேடி வாங்குங்கள். ஒன்றைக் கூடுதலாக வாங்கி இதே அமைப்போடு தயாராக வைத்தால் இன்னும் நல்லது.